ப்ராப்பர் நவுனா, காமன் நவுனா? கேப்பிட்டல் லெட்டரைப் பார்க்காம கண்டுபிடிக்கிறது எப்படி

"கேப்பிட்டல் லெட்டர்ல ஆரம்பிச்சா ப்ராப்பர் நவுன், சின்ன எழுத்துல ஆரம்பிச்சா காமன் நவுன்." ஸ்கூல் இங்கிலீஷ் கிளாஸ்ல நவுனைப் பத்தி, அதாவது பெயர்ச்சொல்லைப் பத்தி, நாம எல்லாரும் இதைத்தான் மனப்பாடம் பண்ணினோம், பரீட்சைல மார்க்கும் வாங்கிட்டோம். இந்த ரூல் வேற யாரோ எழுதினதைப் படிக்கும்போது நல்லா வேலை செய்யும், ஏன்னா எழுதினவர் ஏற்கனவே முடிவு பண்ணி பெரிய எழுத்து போட்டு வெச்சிருப்பார். ஆனா நாமளே உட்கார்ந்து ஒரு மெயில் டைப் பண்றோம்னு வைங்க, இந்த எழுத்தைப் பெரிசா போடணுமா சின்னதா போடணுமாங்கறதுதானே அங்க சந்தேகமே, அப்ப வந்து "கேப்பிட்டல் இருந்தா ப்ராப்பர்"னு சொன்னா அது விடையைப் பார்த்து விடை எழுதச் சொல்ற மாதிரி இருக்கு.

நானும் ரொம்ப வருஷம் இப்படித்தான் தடவிக்கிட்டு இருந்தேன். என்னோட முதல் ரெஸ்யூமை இப்ப எடுத்துப் பார்த்தா சிரிப்புதான் வருது. 'டீம்', 'ப்ராஜெக்ட்', 'கஸ்டமர்', 'எக்ஸ்பீரியன்ஸ்' எல்லாத்துக்கும் கேப்பிட்டல் போட்டிருக்கேன், ஆனா கேப்பிட்டல் வந்தே ஆகவேண்டிய 'இங்கிலீஷ்'ங்கற வார்த்தை சின்ன 'ஈ'ல நிக்குது. எது முக்கியம்னு தோணுச்சோ அதுக்கெல்லாம் பெரிய எழுத்து, அவ்ளோதான் என்னோட லாஜிக்.

அதனால இங்க நான் தலைகீழா போறேன். முதல்ல அர்த்தத்தை வெச்சு இது எந்த வகைன்னு முடிவு பண்ணுவோம், கேப்பிட்டல் அதுக்குப் பின்னால தானா வந்து சேரும். இதுல நமக்கு ஒரு வசதியும் இருக்கு: இங்க எல்லா இங்கிலீஷ் வார்த்தையையும் தமிழ் எழுத்துலயே எழுதறேன், நம்ம எழுத்துல பெரிசு சின்னதுங்கற பேச்சே கிடையாது, அதனால எழுத்தோட சைஸைப் பார்த்துக் காப்பியடிக்க வழியே இல்ல, யோசிச்சுத்தான் ஆகணும்.

ஸ்டெப் 1: கேப்பிட்டலை கொஞ்ச நேரம் மறந்துடுங்க

கேப்பிட்டல்ங்கறது ஒவ்வொரு மொழிக்காரங்களும் அவங்கவங்க வசதிக்கு வெச்சுக்கிட்ட பழக்கம். ஜெர்மன்ல எல்லா நவுனுக்கும் பெரிய எழுத்துதான், மேஜை நாற்காலிக்குக் கூட. ஃப்ரெஞ்ச்ல கிழமை, மாசம், மொழியோட பேரு எல்லாம் சின்ன எழுத்து. அரபி, ஜப்பானிய மொழி, தமிழ் இதுலெல்லாம் இந்த வித்தியாசமே இல்ல, அதுக்காக நம்ம மொழில தனிப்பேரே இல்லன்னு ஆயிடுமா?

இங்கிலீஷே ஒரு காலத்துல இப்ப இருக்கற மாதிரி இல்ல. 1776ல அமெரிக்கா வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்தை எடுத்துப் பாருங்க, 'லைஃப்', 'லிபர்ட்டி', 'ஹேப்பினஸ்' எல்லாம் கேப்பிட்டல்ல இருக்கும். மூணுமே சுத்தமான காமன் நவுன். அந்தக் காலத்துல அப்படி எழுதறது வழக்கம், பின்னால அது போயிடுச்சு. சொல்லோட வகை மாறல, எழுதற ஸ்டைல்தான் மாறுச்சு.

இன்னைக்கும் கேப்பிட்டல் நம்மளை ஏமாத்தும். சென்டென்ஸோட முதல் வார்த்தை எதுவா இருந்தாலும் பெரிசு. 'நான்'ங்கற அர்த்தத்துல வர்ற ஒத்தை எழுத்து 'ஐ' எப்பவும் பெரிசு, அது நவுனே இல்ல, ப்ரோனவுன். 'ஃப்ரெஞ்ச் விண்டோ', 'விக்டோரியன் ஹவுஸ்'னு சொல்றப்ப முன்னாடி வர்ற வார்த்தை பெரிசு, ஆனா அது அட்ஜெக்டிவ். எதிர்ப்பக்கமும் உண்டு, 'ஐஃபோன்' சின்ன 'ஐ'ல ஆரம்பிக்குது, 'ஈபே' சின்ன 'ஈ'ல ஆரம்பிக்குது, ரெண்டுமே சந்தேகமே இல்லாம ப்ராப்பர் நவுன்.

ஸ்டெப் 2: அது முதல்ல நவுன்தானான்னு பாருங்க

இதை நிறைய பேர் தாண்டிப் போயிடறாங்க. ஆள், இடம், பொருள், கருத்து இதுல ஒண்ணைக் குறிச்சாத்தான் நவுன். "ஐ கூகிள்ட் இட்"ங்கறதுல 'கூகிள்ட்' ஒரு வெர்ப், அங்க ப்ராப்பரா காமனான்னு கேக்கறதே தப்பு. "கூகிள் இஸ் எ கம்பெனி"ல வர்ற 'கூகிள்' நவுன், அங்கதான் நம்ம கேள்வி செல்லும்.

இங்க இன்னொரு விஷயத்தையும் சொல்லிடறேன். பழைய கிராமர் புக்குல நவுன் அஞ்சு வகைன்னு ஒரு லிஸ்ட் இருக்கும்: ப்ராப்பர், காமன், கலெக்டிவ், மெட்டீரியல், அப்ஸ்ட்ராக்ட். அதைப் படிச்சிட்டு 'வாட்டர்' மெட்டீரியல் நவுன்தானே அது எப்படி காமன் ஆகும்னு கேக்கறவங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். ப்ராப்பரா காமனாங்கறது ஒரு பிரிவு, எதால ஆனது, கூட்டமா தனியாங்கறதெல்லாம் வேற பிரிவு. 'வாட்டர்', 'கோல்டு', 'டீம்', 'ஹானஸ்டி' எல்லாமே காமன் நவுன் பக்கம்தான் வரும். அஞ்சு டப்பாவா நினைக்காதீங்க, ரெண்டே டப்பா, அதுல ஒண்ணுக்குள்ள மட்டும் சின்னச் சின்ன டப்பா.

ஸ்டெப் 3: ரெண்டு கேள்வி கேளுங்க

மொத்த வழிகாட்டியும் இந்த ரெண்டு கேள்விலதான் நிக்குது.

"அது என்ன?"

"அதோட பேரு என்ன?"

வானத்துல வால் முளைச்ச ஒண்ணு போகுது. அது என்ன? 'காமெட்'. அதோட பேரு என்ன? 'ஹாலீஸ் காமெட்', 1986ல வந்துட்டுப் போச்சு, 2061ல திரும்ப வரும். கடல்ல போறது என்ன? 'ஷிப்'. பேரு? 'டைட்டானிக்'. பூமியைச் சுத்திக்கிட்டு 1990லேர்ந்து படம் எடுக்கறது என்ன? 'டெலஸ்கோப்'. பேரு? 'ஹப்பிள்'. முதல் கேள்விக்கு வர்ற பதில் காமன் நவுன், ரெண்டாவது கேள்விக்கு வர்றது ப்ராப்பர் நவுன்.

காமன் நவுன் ஒரு பொருளைப் பத்தி ஏதோ சொல்லும். 'ஷிப்'னு சொன்னா அது தண்ணில போகும், ஆள் ஏத்தும்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுது. ப்ராப்பர் நவுன் எதுவும் சொல்லாது, கையை நீட்டிக் காட்டும், அவ்ளோதான். 'டேவிட்'னு ஒரு பேரைக் கேட்டதும் அந்த ஆள் குட்டையா நெட்டையா, என்ன வேலை பார்க்கறார்னு எதுவுமே தெரியாது. அந்த 'ப்ராப்பர்'ங்கற வார்த்தைக்கும் 'ஒழுங்கான'ங்கற அர்த்தத்துக்கும் இங்க சம்பந்தமே இல்ல, லத்தீன்ல 'ப்ரோப்ரியஸ்'னா 'தனக்குச் சொந்தமான'னு அர்த்தம், அங்கேர்ந்துதான் வந்துச்சு. தனக்குன்னு வெச்ச சொந்தப் பேரு.

சந்தேகமா இருந்தா மூணாவதா ஒரு கேள்வியும் கேட்டுக்கலாம், "இதுக்குன்னு யாராவது பேரு வெச்சாங்களா?" குழந்தைக்கு வைக்கறோம், நாய்க்குட்டிக்கு வைக்கறோம், புயலுக்கு வைக்கறாங்க, 2005ல அமெரிக்காவை அடிச்ச புயலுக்கு 'கத்ரீனா'ன்னு பேரு. ஆனா உங்க வீட்டுக் கதவுக்கு யாரும் பேரு வெச்சிருக்க மாட்டாங்க, அதனால 'டோர்' காமன்.

ஸ்டெப் 4: ரெண்டு தப்பான அளவுகோலைத் தூக்கிப் போடுங்க

இந்த இடத்துல நான் கொஞ்சம் நிதானமா போறேன், தமிழ்ல யோசிக்கறவங்க நிறைய பேர் வழுக்கி விழற இடமே இதுதான்.

முதல் தப்பு, "ஸ்பெஷலா இருந்தா ப்ராப்பர்". இதுக்கு நம்ம இலக்கண வகுப்பும் ஒரு காரணம்னு எனக்கு ஒரு சந்தேகம். தமிழ் இலக்கணத்துல பொதுப்பெயர், சிறப்புப்பெயர்னு ரெண்டு உண்டு, ஞாபகம் இருக்கா? 'மரம்' இடுகுறிப் பொதுப்பெயர், 'பனை' இடுகுறிச் சிறப்புப்பெயர். 'பறவை' காரணப் பொதுப்பெயர், 'மரங்கொத்தி' காரணச் சிறப்புப்பெயர். இதை மனசுல வெச்சுக்கிட்டு காமன்னா பொது, ப்ராப்பர்னா சிறப்புன்னு நேரா பொருத்திட்டா தீர்ந்துச்சு கதை. ஏன்னா இங்கிலீஷ்ல 'ட்ரீ'யும் காமன், 'பாம்'மும் காமன், 'பேர்டு'ம் காமன், 'உட்பெக்கர்'ரும் காமன். உலகத்துல எத்தனை மரங்கொத்தி இருக்கோ அத்தனைக்கும் அதே பேருதான், ஒண்ணுக்குன்னு தனியா வெச்ச பேரு இல்ல. அந்த மரங்கொத்திகள்ல ஒண்ணைப் பிடிச்சு வளர்த்து 'டாமி'ன்னு கூப்பிட்டா அந்த 'டாமி' ப்ராப்பர். நம்ம சிறப்புப்பெயர் ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கற சின்னக் கூட்டத்தைக் காட்டுது, இங்கிலீஷ்காரங்களோட ப்ராப்பர் நவுன் கூட்டத்தை விட்டுட்டு ஒரே ஒரு ஆளைக் காட்டுது. ரெண்டும் வேற வேற கணக்கு.

அதனால எவ்வளவு குறிப்பா போனாலும் பிரயோஜனம் இல்ல. 'அனிமல்', 'டாக்', 'பூடுல்'னு இறங்கிக்கிட்டே போங்க, மூணுமே காமன்தான்.

ரெண்டாவது தப்பு, "ஒண்ணே ஒண்ணு இருந்தா ப்ராப்பர்". இது கேக்க ரொம்ப நியாயமா இருக்கும், ஆனா ரெண்டு பக்கமும் உடையுது. 'டேவிட்'ங்கற பேருல லட்சக்கணக்கான ஆளுங்க இருக்காங்க, ஃப்ரான்ஸ்ல ஒரு பாரிஸ் இருக்கு, அமெரிக்காவுல டெக்சாஸ்ல இன்னொரு பாரிஸ் இருக்கு, கனடாவுல ஒரு லண்டன் இருக்கு, இருந்தாலும் எல்லாமே ப்ராப்பர் நவுன். அந்தப் பக்கம் பாருங்க, நமக்குத் தெரியற 'சன்' ஒண்ணுதான், 'மூன்' ஒண்ணுதான், 'யூனிவர்ஸ்' ஒண்ணுதான், ஆனா சாதாரணமா எழுதும்போது இதுக்கெல்லாம் சின்ன எழுத்துதான். 1610ல கலிலியோ வியாழனைச் சுத்தி நாலு நிலா இருக்கறதைப் பார்த்தார், அன்னைக்கே 'மூன்'ங்கறது ஒரு வகையோட பேருன்னு ஆயிடுச்சு, அந்த நாலுக்கும் தனித்தனிப் பேரு உண்டு, அதுல ஒண்ணு 'யூரோப்பா'. 'யூரோப்பா' ப்ராப்பர், 'மூன்' காமன். 'எர்த்' மட்டும் கொஞ்சம் நழுவற ஆசாமி, 'மார்ஸ்', 'வீனஸ்'கூட சேர்த்துக் கிரகமா சொல்லும்போது பெரிய எழுத்து, மண்ணைத் தோண்டறதைப் பத்திச் சொல்லும்போது சின்ன எழுத்து.

ஆபீஸ் மெயில்ல முதல் தப்புதான் அதிகமா நடக்குது. "தி மேனேஜர் அப்ரூவ்ட் தி பட்ஜெட்"னு எழுதும்போது மேனேஜருக்கு மரியாதை குடுக்கணும்னு பெரிய 'எம்', பட்ஜெட் பெரிய விஷயமாச்சேன்னு பெரிய 'பி'. மரியாதைக்கும் கேப்பிட்டலுக்கும் சம்பந்தம் இல்லைங்க. ரெண்டுமே காமன், ரெண்டுக்கும் சின்ன எழுத்து போதும், மேனேஜர் கோவிச்சுக்க மாட்டார்.

ஸ்டெப் 5: தமிழ்ல சொல்லிப் பாருங்க

இந்த டெஸ்ட் எங்க படிச்சும் எனக்குக் கிடைக்கல, மொழிபெயர்ப்பு வேலை பண்ணும்போது தானா கவனிச்சது. ஒரு இங்கிலீஷ் பேரைத் தமிழ்ல சொல்லுங்க, எது மொழிமாறுதோ அது காமன், எது அப்படியே நிக்குதோ அது ப்ராப்பர்.

'பசிபிக் ஓஷன்' தமிழ்ல பசிபிக் பெருங்கடல். 'ஓஷன்' மாறிடுச்சு, 'பசிபிக்' அசையல. 'சகாரா டெசர்ட்' சகாரா பாலைவனம். 'மவுண்ட் எவரெஸ்ட்' எவரெஸ்ட் சிகரம். பார்த்தீங்களா, ஒரே பேருக்குள்ள எந்தப் பாதி வகை, எந்தப் பாதி சொந்தப் பேருன்னு தமிழ் தனியா பிரிச்சுக் குடுத்துடுது.

டெஸ்ட் தோக்கற இடமும் உண்டு. 'ரெட் ஸீ' செங்கடல் ஆயிடுது, 'டெட் ஸீ' சாக்கடல், 'ஒயிட் ஹவுஸ்' வெள்ளை மாளிகை, 'யுனைட்டட் நேஷன்ஸ்' ஐக்கிய நாடுகள் சபை. இதெல்லாம் சாதாரண வார்த்தைகளை எடுத்துக் கட்டின பேரு, அதனால தமிழுக்கு மாத்த முடியுது. வெள்ளையடிச்ச ஒரு வீட்டைச் சொன்னா 'எ ஒயிட் ஹவுஸ்', ரெண்டுமே சின்ன எழுத்து, அமெரிக்க அதிபர் இருக்கற இடத்தைச் சொன்னா ரெண்டுமே பெரிசு. பேசும்போது கூட வித்தியாசம் காதுல விழும்: சாதாரண வீடுன்னா 'ஹவுஸ்'ல அழுத்துவாங்க, அதிபர் மாளிகைன்னா 'ஒயிட்'ல அழுத்துவாங்க, அடுத்த தடவை நியூஸ் கேக்கும்போது கவனிச்சுப் பாருங்க. இன்னொரு தோல்வி, 'பஸ்', 'கம்ப்யூட்டர்' மாதிரி நாம அப்படியே சொல்ற வார்த்தைங்க. அதுக்குப் பேருந்து, கணினின்னு தமிழ் இருக்கறதால பிடிபட்டுடும்.

ஸ்டெப் 6: 'எ' போட்டுப் பாருங்க

நவுனுக்கு முன்னாடி வர்ற 'எ', 'ஆன்', 'தி'ங்கற குட்டி வார்த்தைங்களுக்கு ஆர்ட்டிகிள்னு பேரு. தமிழ்ல ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால நமக்கு இது கை வராத விஷயம், ஆனா கத்துக்கிட்டா நல்ல ஆயுதம். எண்ணக்கூடிய காமன் நவுன் ஒருமைல இருந்தா தனியா நிக்காது, முன்னாடி 'எ', 'தி', 'மை', 'திஸ்'னு ஏதாவது ஒண்ணு துணைக்கு வேணும். "ஐ லிவ் இன் சிட்டி" தப்பு, "ஐ லிவ் இன் எ சிட்டி"தான் சரி. ப்ராப்பர் நவுனுக்குத் துணை வேண்டாம், "ஐ லிவ் இன் பாரிஸ்", முடிஞ்சுது.

உடனே கேப்பீங்க, 'தி நைல்'னு வருதே? ஆமா, வரும். ஆறு, கடல், பெருங்கடல், மலைத்தொடர், பாலைவனம், தீவுக்கூட்டம் இதுக்கெல்லாம் 'தி' சேர்ந்துதான் வரும், 'தி நெதர்லாண்ட்ஸ்', 'தி பிலிப்பீன்ஸ்', 'தி யுனைட்டட் ஸ்டேட்ஸ்' மாதிரி சில நாட்டுக்கும் வரும். ஏரி, தனி மலை, கண்டம் இதுக்குப் பொதுவா வராது. 'தி ஹேக்'னு ஒரு ஊர் இருக்கு நெதர்லாண்ட்ஸ்ல, அதுல அந்த 'தி'யே பேரோட பாகம், அதுக்கும் சேர்த்து கேப்பிட்டல்.

இதையெல்லாம் மனப்பாடம் பண்ணாம தப்பிக்க ஒரு குறுக்கு வழி: 'தி'யை எடுத்துட்டு அங்க 'எ' போடுங்க. 'தி ரிவர்' 'எ ரிவர்' ஆகும், கேக்க நல்லாவே இருக்கு, காமன். 'தி நைல்' 'எ நைல்' ஆகுமா? ஆகாது, ப்ராப்பர்.

பன்மையும் இதே மாதிரி உதவும், ஆனா அதுல ஒரு விளையாட்டு இருக்கு. ஒரு கிளாஸ்ல மூணு டேவிட் இருந்தா 'த்ரீ டேவிட்ஸ்'னு சொல்லலாம், 1949லேர்ந்து 1990 வரைக்கும் 'டூ ஜெர்மனிஸ்' இருந்துச்சு, "ஹி இஸ் ஆன் ஐன்ஸ்டைன்"னு புகழலாம், 'எ பிக்காசோ'ன்னா பிக்காசோ வரைஞ்ச ஒரு ஓவியம். இங்கெல்லாம் ப்ராப்பர் நவுன் கொஞ்ச நேரம் காமன் நவுன் சட்டையைப் போட்டுக்கிட்டு நடக்குது, ஆனா கேப்பிட்டலைக் கழட்டாது. ஸ்பெல்லிங்கையும் விட்டுக் குடுக்காது: 'சிட்டி' பன்மைல கடைசி 'ஒய்' போய் 'ஐ-ஈ-எஸ்' வரும், ஆனா கென்னடி குடும்பத்தைச் சொல்லும்போது 'ஒய்' அப்படியே இருக்கும், பின்னாடி ஒரு 'எஸ்' மட்டும். பேரை உடைக்கக் கூடாதுங்கறதுதான் காரணம்.

ஸ்டெப் 7: ஒரே வார்த்தை, ரெண்டு வேஷம்

இதுதான் நிஜமா கஷ்டமான இடம். 'மாம்', 'அங்கிள்', 'ப்ரெசிடெண்ட்', 'ரிவர்', 'யூனிவர்சிட்டி' மாதிரி வார்த்தைங்க ஒரு சென்டென்ஸ்ல பெரிசாவும் அடுத்ததுல சின்னதாவும் வரும்.

உறவுமுறைக்கு இப்படிப் பண்ணுங்க: அந்த இடத்துல ஒரு ஆள் பேரைத் தூக்கி வைங்க. "ஐ ஆஸ்க்ட் மாம்"ல 'மாம்' இருக்கற இடத்துல 'மேரி'யை வெச்சா "ஐ ஆஸ்க்ட் மேரி", சரியா இருக்கு, அப்ப அது பேரு மாதிரி நடக்குது, பெரிய 'எம்'. "ஐ ஆஸ்க்ட் மை மாம்"ல வெச்சா 'மை மேரி'ன்னு ஒரு மாதிரி இளிக்குது, அப்ப காமன், சின்ன 'எம்'. 'மை' வந்தாலே கேப்பிட்டல் போயிடும்னு கூட வெச்சுக்கலாம்.

பதவிக்கும் இதே தான். பேருக்கு முன்னாடி ஒட்டிக்கிட்டு வந்தா பெரிசு, 'ப்ரெசிடெண்ட் லிங்கன்', 'குயின் விக்டோரியா'. தனியா நின்னா சின்னது, "லிங்கன் பிகேம் ப்ரெசிடெண்ட் இன் 1861", "தி குயின் ரெய்ன்ட் ஃப்ரம் 1837 டு 1901". சில அரசாங்க ஆவணங்கள்ல, கம்பெனி சுற்றறிக்கைல அவங்க ஆளுக்கு மட்டும் எப்பவும் கேப்பிட்டல் போடுவாங்க, அது அந்த வீட்டு வழக்கம், பொது ரூல் இல்ல.

திசைக்கு ஒரே வரி: கையை நீட்டிக் காட்டற திசைன்னா சின்னது, வரைபடத்துல எழுதியிருக்கற பேருன்னா பெரிசு. "வி ட்ரோவ் நார்த்" சின்னது, 'நார்த் கொரியா' பெரிசு.

வகையும் பேரும் கலந்து வர்றதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. 'பெங்கால் டைகர்'ல 'பெங்கால்' பெரிசு, 'டைகர்' சின்னது. 'ஜெர்மன் ஷெப்பர்ட்'னு நாய், 'ஜி' பெரிசு, 'எஸ்' சின்னது. 'பார்க்கின்சன்ஸ் டிசீஸ்'ல டாக்டரோட பேரு பெரிசு, நோய்ங்கற வார்த்தை சின்னது, 'மலேரியா'ல ஆள் பேரு எதுவும் இல்ல, முழுசா சின்னது. மனுஷனோட அறிவியல் பேரு 'ஹோமோ சேப்பியன்ஸ்', முதல் வார்த்தை பெரிசு, ரெண்டாவது சின்னது, உயிரியல்காரங்க எல்லா உயிருக்கும் இதே மாதிரிதான் எழுதுவாங்க.

ஆனா மொத்தமா ஒரு இடத்துக்கோ நிறுவனத்துக்கோ வெச்ச பேருன்னா உள்ள இருக்கற காமன் வார்த்தையும் பெரிசாகிடும்: 'பசிபிக் ஓஷன்'ல 'ஓஷன்' கூட கேப்பிட்டல்தான், நடுவுல வர்ற 'ஆஃப்' மட்டும் சின்னது, 'ஸ்டாச்சு ஆஃப் லிபர்ட்டி'ல இருக்கற மாதிரி. அங்கேர்ந்து பிரிஞ்சு தனியா வந்தா "தி ஓஷன் வாஸ் காம்"னு சின்ன எழுத்துக்குத் திரும்பிடும்.

ஸ்டெப் 8: யோசிக்காம எடுத்துக்க வேண்டியது

கிழமையும் மாசமும் ப்ராப்பர், பருவகாலம் காமன். 'மண்டே', 'ஜனவரி' பெரிசு, 'சம்மர்', 'வின்டர்' சின்னது. ஏன்னு கேட்டா திருப்தியான பதில் எங்கிட்ட இல்ல, பழகிக்க வேண்டியதுதான். மொழி எல்லாம் பெரிசு, பாடம் எல்லாம் சின்னது: 'ஹிஸ்டரி', 'ஃபிசிக்ஸ்' சின்னது, 'இங்கிலீஷ்', 'ஃப்ரெஞ்ச்' பெரிசு. என்னோட ரெஸ்யூம்ல இதைத்தான் சரியா தலைகீழா பண்ணி வெச்சிருந்தேன்.

எழுத்து ஒண்ணா இருந்து அர்த்தம் ரெண்டா இருக்கற ஜோடியும் உண்டு. 'மார்ச்' மாசமா நடையா, 'மெர்க்குரி' கிரகமா பாதரசமா, 'சைனா' நாடா பீங்கானா, 'டர்க்கி' நாடா வான்கோழியா. எழுதும்போது கேப்பிட்டல் ஒண்ணுதான் காப்பாத்தும், தமிழ் எழுத்துல டைப் பண்ணினா இப்பப் பார்த்தீங்கல்ல, எதுவும் காப்பாத்தாது.

ஸ்டெப் 9: கட்சி மாறின பேருங்க

ப்ராப்பர் நவுன் காலப்போக்குல காமன் ஆகறது அடிக்கடி நடக்கும். ருடால்ஃப் டீசல்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர், அவர் பண்ணின இன்ஜினுக்கு அவர் பேரு ஒட்டிக்கிச்சு, இன்னைக்கு 'டீசல்' சின்ன 'டி'. 1880ல அயர்லாந்துல சார்லஸ் பாய்காட்னு ஒரு எஸ்டேட் ஏஜெண்டை ஊரே ஒதுக்கி வெச்சுது, யாரும் வேலைக்குப் போகல, பேசல, அந்த ஆளோட பேருதான் இன்னைக்கு 'பாய்காட்'. ஜேம்ஸ் வாட் பேருல 'வாட்', நியூட்டன் பேருல 'நியூட்டன்', அலகா வரும்போது முழுசா எழுதினா சின்ன எழுத்து, சுருக்கி ஒத்தை எழுத்தா போட்டா மட்டும் கேப்பிட்டல். ஆனா 'டிகிரி செல்சியஸ்'ல 'செல்சியஸ்' பெரிசு, இங்கிலீஷ்னா இப்படித்தான்.

பிராண்ட் பேருல இது கோர்ட்டு வரைக்கும் போகும். 'எஸ்கலேட்டர்' ஓட்டிஸ் கம்பெனியோட ட்ரேட்மார்க், 1950ல அமெரிக்காவுல அது போயிடுச்சு, எல்லாரும் நகரும் படிக்கட்டுக்கே அந்தப் பேரைச் சொல்ல ஆரம்பிச்சதுதான் காரணம். 'தெர்மோஸ்' கதையும் அதேதான், 1963ல. நாம 'ஜெராக்ஸ்'ங்கறோம், எந்தக் கம்பெனி மெஷின்ல எடுத்தாலும் ஜெராக்ஸ்தான், ஆனா அது இன்னைக்கும் ஒரு கம்பெனியோட பேரு, அதனால இங்கிலீஷ்ல கவனமா எழுதறவங்க 'ஃபோட்டோகாப்பி'ன்னு எழுதுவாங்க. 'இன்டர்நெட்' பாதி வழில இருக்கு, அமெரிக்க நியூஸ் ஏஜென்சி ஏபி 2016ல தன்னோட ஸ்டைல்ல அதைச் சின்ன 'ஐ'க்கு மாத்திடுச்சு, பெரிசா எழுதறவங்க இன்னும் இருக்காங்க, ரெண்டுல ஒண்ணை எடுத்துக்கிட்டு கடைசி வரைக்கும் அதையே எழுதுங்க.

ஸ்டெப் 10: ஒரு சென்டென்ஸை எடுத்துப் பிரிப்போம்

முதல்ல நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்க, எதுக்கெல்லாம் கேப்பிட்டல் வரும்?

"லாஸ்ட் வின்டர் அங்கிள் டேவிட் அண்ட் மை ஆண்ட் டுக் எ ஜெர்மன் ஷெப்பர்ட் டு எ ஹாஸ்பிட்டல் நியர் தி ரிவர் தேம்ஸ் ஆன் எ மண்டே மார்னிங் அண்ட் தென் ட்ரோவ் சவுத் அலாங் தி ரிவர்."

'லாஸ்ட்' பெரிசு, ஆனா சென்டென்ஸ் ஆரம்பம்கறதால மட்டும்தான், அது நவுனே இல்ல. 'வின்டர்' பருவம், சின்னது. 'அங்கிள்' பேரோட ஒட்டியிருக்கு, பெரிசு, 'டேவிட்' சொல்லவே வேண்டாம். 'ஆண்ட்'டுக்கு முன்னாடி 'மை' உக்காந்திருக்கு, சின்னது, இதே ஆளை 'ஆண்ட் மேரி'ன்னு கூப்பிட்டிருந்தா பெரிசாகியிருக்கும். 'ஜெர்மன்' பெரிசு, 'ஷெப்பர்ட்' சின்னது. 'ஹாஸ்பிட்டல்' எந்த ஹாஸ்பிட்டல்னு பேரு சொல்லல, சின்னது.

'ரிவர் தேம்ஸ்' ஆத்தோட முழுப் பேரு, ரெண்டுமே பெரிசு. 'எ மண்டே'ல 'எ' வந்துடுச்சேன்னு பயந்துடாதீங்க, மூணு டேவிட் கதைதான் இதுவும், காமன் சட்டை போட்டிருக்கு, கேப்பிட்டலை விடல. 'மார்னிங்' சின்னது. 'சவுத்' வண்டி போற திசை, நவுனும் இல்ல, சின்னது. கடைசில வர்ற 'ரிவர்' அதே தேம்ஸைத்தான் சொல்லுது, தண்ணியும் ஒண்ணுதான், ஆனா இங்க 'எ ரிவர்'னு மாத்திச் சொன்னாலும் நிக்குது, அதனால சின்ன 'ஆர்'.